நன்றிக்கடன் யாருக்கு?

(வாசகசாலைக் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச வந்தது கடவுளைப்பற்றியும் அல்ல, புராணத்தைப்பற்றியும் அல்ல. ஒரு நர்ஸைப்பற்றித்தான். நோட்டீசில் "மருத்துவமும் மனித சமூகமும்" என்று பெரிய தலைப்பாய்ப் போட்டுவிட்டார்கள்; அதற்கு நாம் ஜவாப்தாரி அல்ல. ஆனால் நம் நாட்டில் எந்தப் பேச்சை ஆரம்பித்தாலும் கடவுள் தானாகவே வந்து குறுக்கே நிற்பார் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

நம் தங்கை மகன் ஆறு வயதுப் பையன். அவனுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல், கால் வலி, உடம்பெல்லாம் வெளிறிப்போயிற்று. காற்றுச் சேஷ்டை என்று மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். இதில் மூன்று வாரம் போயிற்று. பிறகு ரத்தத்தைப் பரிசோதித்ததில் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. இவ்வளவு காலம் மேடையேறிப் பேசும் நாம் நம் சொந்தத் தங்கை வீட்டில் அந்தத் தாயத்தைத் தடுக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வெளியூர்க் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாலு வாரம் மருந்து ஏற்றியபின், பூதக்கண்ணாடியில் பார்த்தால் புற்றணு தென்படவில்லை என்று டாக்டர் சொன்னார். உடனே நம் மைத்துனர், "குலதெய்வம் கண் திறந்துவிட்டது, ஊருக்குப் போய்ப் பையனுக்கு முடியிறக்கிப் பொங்கல் வைக்கவேண்டும்" என்று மூட்டையைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். பையன் தலையிலோ ஒரு மயிர்கூட இல்லை. சாமிக்கு நேர்ந்துகொண்டதை மருந்தே முன்கூட்டி முடித்துவிட்டது!

அப்போது வார்டிலிருந்த நர்ஸ் அவரை நிறுத்தினார். இருபத்தைந்து வயதுக்குமேல் இருக்கும். "ஐயா, களையைப் பிடுங்கிவிட்டால் வயலிலே களை விதை இல்லை என்று அர்த்தமா? இன்னும் இரண்டு, மூன்று வருஷம் மருந்து இருக்கிறது. இப்போது போனால் வியாதி திரும்பும்" என்றார். "உனக்கென்னம்மா, சம்பளத்துக்கு வேலை பார்க்கிறாய்; பெற்றவன் வயிறு உனக்குத் தெரியுமா?" என்றார் மைத்துனர். அந்த அம்மாள் கோபிக்கவில்லை. தன் பையிலிருந்து பழைய போட்டோ ஒன்றை எடுத்துக் காட்டினார். மொட்டைத் தலையும் வீங்கின முகமுமாக ஒன்பது வயதுப் பெண். "இது நான்தான். இதே வியாதி, இதே மருந்து. என்னோடு படுத்திருந்த பிள்ளைகளில் இரண்டு பேரை அவர்கள் வீட்டார் பாதியில் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது மருந்து கேட்கவில்லை" என்றார்.

மைத்துனர் மூட்டையை அவிழ்த்தார். அதோடு நின்றாரா? எமனை ஜெயித்தவள் கை ராசியான கை என்று, விபூதிப் பொட்டலத்தை நீட்டிப் பையன் நெற்றியில் இடச் சொன்னார். "விபூதி இருக்கட்டும் ஐயா; முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து பிள்ளையைத் தொடுங்கள்" என்றார் நர்ஸ். தோழர்களே! நாம் இருபது வருஷமாய்ப் பேசியும் மைத்துனரிடம் செல்லாத பகுத்தறிவு அந்த ஒரு வார்த்தையில் செல்லுபடியாயிற்று.

அது சும்மா சொன்ன வார்த்தையும் அல்ல. இந்த மருந்து புற்றணுவைக் கொல்லும்போது, கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களையும் கூடவே குறைத்துவிடுகிறது. அந்தச் சமயத்தில் பையனுக்கு வரும் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் அல்ல. ஒரு மணி நேரத்துக்குள் கிருமிநாசினி மருந்தை ரத்தத்தில் ஏற்றியாக வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால் விடிவதற்குள் பிள்ளை போய்விடும். அவனுக்கு ஏற்றும் மருந்துகளில் ஒன்றின் பெயர் வின்கிரிஸ்டின். அது எதிலிருந்து வருகிறது தெரியுமா? நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து. சில ஊர்களில் அதையே சுடுகாட்டு மல்லி என்பார்கள். எத்தனையோ காலமாய் அந்தப் பூவைப் பறித்துச் சாமிக்குச் சாத்தினோம், பிணத்தின்மேலும் போட்டோம். சாமியும் அதன் குணத்தைச் சொல்லவில்லை, பிணமும் சொல்லவில்லை. 1950-க்குப் பிறகு கனடாவிலும் அமெரிக்காவிலும் இருந்தவர்கள் அந்தச் செடியைக் காய்ச்சி வடித்துப் பரிசோதித்துக் கண்டுபிடித்தார்கள். இம்மருந்து ரத்தக்குழாயை விட்டுக் கசிந்தால் சதை வெந்துபோகும். ரத்தத்தில் ஏற்றவேண்டியதைத் தவறி முதுகுத்தண்டில் ஏற்றினாலோ மரணந்தான். ஆகவே அந்த நர்ஸ் ஒவ்வொரு முறையும் பெயரைப் பார்த்து, அளவைப் பார்த்து, இன்னொரு நர்ஸையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லி, பிறகுதான் ஊசியைத் தொடுகிறார். தானும் ஒருகாலத்தில் நோயாளியாய் இருந்தவர் என்பதற்காக அந்த வேலை வந்துவிடவில்லை. நாலு வருஷம் படித்துப் பரீட்சை தேறி வந்த வேலை அது. ஜெயிலுக்குப் போனவரெல்லாம் வக்கீலாகிவிடுகிறார்களா?

அவரைப்பற்றி வார்டில் எல்லோரும் சொல்லுவது என்னவென்றால், "தெய்வம் உயிர்ப் பிச்சை கொடுத்தது, அந்த நன்றிக்கடனைச் சேவை செய்து தீர்க்கிறாள்" என்பது. கடன் என்றால் கொடுத்தவன் யார் என்று பார்க்கவேண்டாமா? 1947-ம் வருஷக் கடைசியில் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் சிட்னி பார்பர் என்ற டாக்டர், ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அமினாப்டெரின் என்ற புது மருந்தைக் கொடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு வியாதி தணிந்தது என்று 1948-ல் எழுதினார். ஆனால் அது தற்காலிகத் தணிவுதான். வியாதி திரும்பிவிட்டது. அம்மருந்தைத் தயாரித்துக் கொடுத்த ஆராய்ச்சிக்குத் தலைவராக இருந்தவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டுக் கப்பலேறிய எல்லாப்பிரகட சுப்பாராவ். அவரும் அந்த 1948-லேயே இறந்துபோனார். அந்த மருந்தின் பங்காளி மருந்தை இன்றும் நம் பையனுக்குக் கொடுக்கிறார்கள். அப்படியானால் இந்த நர்ஸ் கடன்பட்டிருப்பது யாருக்கு? பிழைக்காமல் போன அந்தக் குழந்தைகளுக்கும், பெற்ற பிள்ளைக்குப் புது மருந்தைக் கொடுத்துப் பார்க்கச் சம்மதித்த தாய்மார்களுக்கும் அல்லவா?

பூர்வ ஜென்ம பாவம் என்று ஒரு சாஸ்திரியார் நம் தங்கையிடம் சொன்னாராம். நாம் அவரை ஒன்று கேட்கிறோம். 1948-க்கு முன் இவ்வியாதி வந்த குழந்தை சில மாதத்தில் செத்தது. இன்றோ பணவசதியுள்ள நாடுகளில் இதே வியாதி கண்ட குழந்தைகளில் 100-க்கு சுமார் 90 பேர் பிழைக்கிறார்கள். நம் நாட்டில் அவ்வளவு பேர் பிழைப்பதில்லை. பாவத்தின் பலன் வருஷம் பார்த்தும் தேசம் பார்த்தும் குறையுமா? இங்கே நாம் தாமதமாய்ப் போகிறோம்; கையில் காசில்லை; பாதியில் ஊருக்குத் திரும்பிவிடுகிறோம். இதற்கு எந்த ஜென்மத்தைத் தேடவேண்டும்?

தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையில் போராடி, வைதீகர்களிடம் வசை வாங்கிய டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரை உங்களுக்குத் தெரியும். அவர் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். மற்றவர்களானால் திதி கொடுத்திருப்பார்கள். அந்த அம்மையார் முப்பது வருஷம் விடாமல் நின்று 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறந்தார். கடன் தீர்ப்பது என்றால் அதற்குப் பெயர் சொல்லலாம்.

இன்னொன்று. நர்ஸைத் தெய்வம் என்று கும்பிடுகிறவர்களிடம் எச்சரிக்கையாய் இருக்கவேண்டும். தெய்வத்துக்குச் சம்பளம் வேண்டியதில்லை, லீவும் வேண்டியதில்லை. அந்த அம்மாள் ராத்திரி முறை முடிந்து பகலிலும் நிற்பதை நாம் கண்ணால் பார்த்தோம். சம்பளத்தைக் கேட்டால் வெட்கமாயிருக்கிறது. அவரைப் பெண் பார்க்க வந்தவர்கள் பழைய வியாதியைக் கேட்டதும் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்துபோனார்களாம். புற்றுநோய் தொட்டால் ஒட்டாது, தட்டில் தின்றால் ஒட்டாது என்பது தெரியாத அந்தக் கனவான்களில் ஒருவர் பள்ளிக்கூட உபாத்தியாயராம்!

நாம் அங்கே இருந்த நாளில் எட்டாம் நம்பர் படுக்கையிலிருந்த பெண் குழந்தை இறந்துபோயிற்று. மருந்தை ஒருநாளும் தவறவிட்ட குழந்தை அல்ல. விஞ்ஞானம் எல்லாவற்றையும் ஜெயித்துவிட்டது என்று நாம் உங்களிடம் பொய் சொல்ல வரவில்லை. நர்ஸ் அந்தத் தாயின் பக்கத்தில் வெகுநேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு நம் பையனுக்கு ஊசி போட வந்தார். "அந்தக் குழந்தைக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று நம் தங்கை கேட்டாள். "இன்னும் கண்டுபிடிக்கவில்லை அக்கா" என்றார் அவர். விதி என்று சொல்லவில்லை.

பையனுக்கு அடுத்த ஊசி வருகிற செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு. அது நல்ல ராகுகாலம். மைத்துனர் டிக்கட் வாங்கிவிட்டார். துணைக்கு நாமும் போவதால் அன்றைய கூட்டத்துக்கு வேறு தோழர் வந்து பேசுவார்.