கடன் நோட்டில் ஒரு வரி

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன வாரம் ஒரு குழுவின் கடன் நோட்டைப் பார்த்தேன். ஆடு வாங்க, பீஸ் கட்ட என்ற வரிகளுக்கு நடுவே ஒரு அக்கா பேரில் மூன்று தடவை "மருத்துவச் செலவு" என்று இருந்தது. விசாரித்தால், பி.பி. மாத்திரைக்காம். மருந்துக் கடையில்தான் வாங்குகிறார். காசு இல்லாத மாசம் மாத்திரையை விட்டுடறார். பி.பி. மாத்திரையை நாமாக நிறுத்தினால் பக்கவாதம் வரைக்கும் கொண்டுபோய் விடும்.

பி.பி. மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். "அது தர்ம மாத்திரை, கேக்காது"ன்னு யாரோ சொல்லிட்டாங்களாம்.

தர்மம் இல்லைங்க. 1994-ல் தமிழக அரசு ஒரு கொள்கை முடிவு எடுத்து, மருந்து வாங்குவதற்கென்றே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை ஆரம்பித்தது. மாநிலம் முழுவதுக்கும் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறார்கள். மாதிரியைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பித் தரம் பார்க்கிறார்கள். மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து எடுக்க ஆஸ்பத்திரிகளுக்கு நம்ம குழு மாதிரியே பாஸ்புக் கொடுத்தார்கள்! இவ்வளவு ரூபாய்க்கு எடுக்கலாம் என்று வரவு வைத்து, எடுக்க எடுக்கக் கழிப்பார்கள். விலை மலிவாச்சே என்று சந்தேகப்படாதீங்க. பத்துக் குழு சேர்ந்து உரம் வாங்கினால் விலை குறையுதே, அதே கணக்குதான்.

2021 ஆகஸ்டில் "மக்களைத் தேடி மருத்துவம்" வந்தது. பி.பி., சுகர் உள்ளவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்து மாத்திரை கொடுக்கும் திட்டம். அதற்கு எடுத்த தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். (மாசம் பூரா வீடு வீடாக அலைகிறவர்களைத் தன்னார்வலர் என்று சொல்லி ஊக்கத்தொகையோடு நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.)

சென்னையில் எடுத்த முடிவு நம்ம ஊர் வரைக்கும் வந்து சேரணுமே! "மாத்திரை தீர்ந்துடுச்சு, அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பினால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போச்சு. சும்மா திரும்பி வராதீங்க. மருத்துவ அலுவலரைப் பார்த்து, எப்போது வரும் என்று கேளுங்க. 104-க்கு போன் போட்டும் சொல்லலாம்.

அந்த அக்காவை வர்ற வாரம் நானே கூட்டிட்டுப் போறேன். பழைய சீட்டையும் மாத்திரை அட்டையையும் கொண்டுவரச் சொல்லியிருக்கேன். டாக்டர் பார்த்துத்தான் மாற்றிக் கொடுக்கணும், நாமாக மாற்றக் கூடாது. உங்க குழுவின் கடன் நோட்டிலும் இப்படி வரி இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்க.