நோய்க்காலத்தில் வணிகர் சங்கத்தின் கடமை

(மகாவீர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் மலையில் சமண முனிவர்கள் தங்கியிருந்த குகைகள் உள்ளன. அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் தமிழில் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்றுகளைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 2200 ஆண்டுகள் பழமை உடையவை. அரசனின் அலுவலர் செய்வித்த கொடை அங்கே குறிக்கப்பட்டிருக்கின்றது. அதனோடு வெள்ளறை என்னும் ஊரின் நிகமத்தார் அளித்த கொடையும் குறிக்கப்பட்டிருக்கின்றது. நிகமம் என்றால் வணிகர் குழு. அழகர்மலைக் குகையிலோ உப்பு வணிகர், கொழு வணிகர், அறுவை வணிகர் எனப் பல தொழிலார் பெயர்கள் ஒரே பாறையில் அடுத்தடுத்து நிற்கின்றன. வணிகர் ஒன்றுகூடிப் பிறர்க்கு உதவியதைத் தமிழ் எழுத்து தன் தொடக்க நாளிலேயே பதிவு செய்துள்ளது. அந்த உதவி சமணப் பள்ளிகளுக்குச் செய்யப்பட்டது என்பது இந்த அவைக்கு உரிய பெருமையாகும்.

அந்த நிகமத்தின் இடத்தில் இன்று வணிகர் சங்கமும் தொழில் வர்த்தக சபையும் உள்ளன. சென்னை வர்த்தக சபை 1836இல் ஐரோப்பிய வணிகர்களால் தொடங்கப்பட்டது. இந்திய வணிகர்க்கெனத் தென்னிந்திய வர்த்தக சபை 1909இல் எழுந்தது. இன்று வட்டத் தலைநகர்கள் பலவற்றிலும் வணிகர் சங்கம் இருக்கின்றது. நல்ல காலத்தில் அதன் பணி சந்தா வாங்குவதும், ஆண்டுவிழா நடத்துவதும், வரி பற்றி மனு அளிப்பதுமாகக் கழிகின்றது. சங்கம் எதற்காக இருக்கின்றது என்ற வினாவுக்கு விடை தெரிவது நோய்க்காலத்தில்தான்.

அவ்விடையை ஆராய ஓர் ஊரின் வரலாறு பெரிதும் உதவும். அது குசராத்தின் அகமதாபாத். அந்நகரில் ஒவ்வொரு தொழிலுக்கும் மகாஜனம் என்னும் வணிகர் அவை இருந்தது. வாணிகத்தின்மீது சிறுதொகை வசூலித்து, அதனைப் பொது நன்மைக்கும், நோயுற்ற விலங்குகளைப் பேணும் பிஞ்சராப்போல் என்னும் காப்பகங்களுக்கும் மகாஜனங்கள் செலவிட்டன. நகர வணிகர்க்குத் தலைவராக நகரசேட் விளங்கினார். அப்பொறுப்பு நெடுங்காலம் ஒரு சமணக் குடும்பத்தினரிடம் இருந்தது. 1725இல் மராட்டியப் படை நகரைக் கொள்ளையிட முற்பட்டபோது, நகரசேட் குஷால்சந்த் தம் சொந்தப் பொருளைக் கொடுத்து நகரைக் காத்தார். நன்றியுணர்ந்த வணிகர்கள், நகரில் முத்திரையிடப்படும் சரக்கின் மதிப்பில் நூறு ரூபாய்க்கு நான்கணா வீதம் அவர் குடும்பத்திற்கு அளிப்பதென்று எழுதிக் கொடுத்தனர். ஒருவர் பலரைக் காத்தார். பலர் சேர்ந்து அந்த ஒருவரின் இழப்பை ஈடுசெய்தனர். இடர்க்காலத்தில் வணிகர் அவை இயங்க வேண்டிய முறைக்கு இது தக்க எடுத்துக்காட்டு.

1861இல் அந்நகரில் முதல் பஞ்சாலை இயங்கத் தொடங்கியது. 1891இல் ஆலை முதலாளிகள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். அச்சங்கத்தாருக்குப் பெருஞ்சோதனை 1917இல் வந்தது. அவ்வாண்டு நகரில் பிளேக் நோய் பரவியது. தொழிலாளர் உயிருக்கு அஞ்சித் தம் சிற்றூர்களுக்குச் செல்லத் தலைப்பட்டனர். அதுவோ முதல் உலகப் போர்க்காலம். துணிக்குத் தேவை மிகுதி. ஆலையை நிறுத்தினால் இழப்பும் மிகுதி. எனவே நகரை விட்டு நீங்காது வேலைக்கு வருவோர்க்குப் பிளேக் போனஸ் என்னும் தனித்தொகை வழங்கப்பட்டது. சிலர்க்கு அது கூலியில் நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு வரை இருந்தது. ஆலைகள் நிற்கவில்லை, தொழிலாளர் வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

நோய் தணிந்தது. 1918 சனவரியில் போனஸை நிறுத்த முதலாளிகள் முடிவு செய்தனர். ஆனால் போரினால் ஏறிய விலைவாசி இறங்கவில்லை. பழைய கூலியைக் கொண்டு குடும்பம் நடத்த இயலாதென்று நெசவாளர்கள் நூற்றுக்கு 50 பங்கு உயர்வு கேட்டனர். முதலாளிகள் 20க்கு மேல் இசையவில்லை. முதலாளிகள் தரப்பில் முன்னின்றவர் சமணக் குடும்பத்தில் பிறந்த அம்பாலால் சாராபாய். தொழிலாளர் தரப்பில் முன்னின்றவர் அவருடைய உடன்பிறந்த தமக்கை அனசூயா சாராபாய். ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, அவர்கள் வாழ்வை அருகிருந்து கண்டவர் அவர். ஒரே வீட்டில் வளர்ந்த இருவர், ஒரே அறநெறியில் பிறந்த இருவர், ஒரு வழக்கின் இரு பக்கத்திலும் நின்றனர்.

இரு தரப்பினர்க்கும் வேண்டியவரான காந்தியடிகள், விலைவாசியையும் ஆலைகளின் நிலையையும் ஆராய்ந்து 35 விழுக்காடே நியாயம் எனக் கண்டார். பெப்ரவரி 22 முதல் ஆலைகள் கதவடைத்தன. நாள்தோறும் சபர்மதி ஆற்றங்கரையில் ஒரு மரத்தடியில் தொழிலாளர் கூடினர். வன்முறையில் இறங்குவதில்லை, வேலைக்குச் செல்வோரைத் தடுப்பதில்லை, பிறரிடம் இரந்து உண்பதில்லை என உறுதி பூண்டனர். வாரங்கள் கடந்தன, பசியால் உறுதி தளர்ந்தது. மார்ச்சு 15இல் காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். மூன்று நாளில் உடன்பாடு ஏற்பட்டது. நடுவராக ஏற்கப்பட்ட பேராசிரியர் ஆனந்தசங்கர் துருவா ஆகஸ்டில் அளித்த தீர்ப்பும் 35 விழுக்காடே ஆயிற்று. தம் நண்பர்களாகிய முதலாளிகளை அந்நோன்பு நெருக்கியதால் அதில் குறை உண்டென்று காந்தியடிகளே பின்னர் எழுதினார். தம் பக்கத்துக் குறையையும் மறையாது சொன்ன அந்நேர்மை எண்ணத்தக்கது.

இவ்வரலாற்றில் வணிகர்க்குரிய பாடம் யாது? முதலாளிகள் கொடியவர் அல்லர். தீண்டப்படாதார் என ஒதுக்கப்பட்ட குடும்பத்தைச் சேர்த்ததற்காகக் காந்தியடிகளின் ஆசிரமத்திற்குப் பொருளுதவி நின்றபோது, 13,000 ரூபாயைப் பெயர் சொல்லாது கொடுத்துச் சென்றவர் அம்பாலாலே என்பர். தனி மனிதராக அவர் வள்ளல். எனினும் சங்கமாக முதலாளிகள் வழங்கிய போனஸ், தொழிலாளர் ஓடிவிடுவர் என்னும் அச்சத்தில் பிறந்தது. அச்சம் நீங்கியதும் அதுவும் நீங்கியது. பெறுபவரின் தேவையை நோக்கிக் கொடுப்பது தானம். கொடுப்பவரின் தேவையை நோக்கிக் கொடுப்பது வாணிகம். வாணிகமும் குற்றமன்று. ஆனால் அதனைத் தானமென்று எண்ணிக்கொள்ளும் சங்கம், நோய் தீர்ந்தபின் பகையை எதிர்கொள்ள நேரும்.

இதே நிலை நூறாண்டு கழித்து மீண்டும் வந்தது. 2020 மார்ச்சு 25 முதல் நாடு முழுதும் ஊரடங்கு. அவ்வாண்டு ஏப்ரல் 6இல் வந்த மகாவீர் ஜெயந்தியைக் குடும்பங்கள் வீட்டு வாயிலைத் தாண்டாது கொண்டாடின. கடைகள் மூடின, வாடகையும் வட்டியும் மூடவில்லை. வெளிமாநிலத் தொழிலாளர் நெடுஞ்சாலைகளில் நடந்தே ஊர் திரும்பினர். சில மாதங்களில் ஊரடங்கு தளர்ந்ததும், அவர்களை மீண்டும் அழைத்துவர நிறுவனங்கள் பேருந்து அனுப்பின. சிலர் விமானச் சீட்டும் எடுத்துக் கொடுத்தனர். விமானச் சீட்டுக்கு இருந்த பணத்தில் ஒரு பகுதி ஏப்ரல் மாதத்து அரிசிக்குச் சென்றிருந்தால், அவர்களுள் பலர் நடந்திருக்க வேண்டியதில்லை. 1917இல் கண்ட உண்மை 2020இலும் மாறவில்லை.

அக்காலத்தில் அரசு உதவி அறிவிக்காமல் இல்லை. மார்ச்சு 27இல் ரிசர்வ் வங்கி கடன் தவணைகளை மூன்று மாதம் ஒத்திவைக்க இடமளித்தது. பின் அது ஆகஸ்டு 31 வரை நீண்டது. மே 13இல், 3 இலட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் உறுதித் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2020 பெப்ரவரி 29இல் நிலுவையாக இருந்த கடனில் 20 விழுக்காடு வரை, புதிய பிணை இன்றி, அரசின் பொறுப்பில் கூடுதல் கடன் பெற அது வழி செய்தது. நூறு பேர் வரை வேலை செய்யும், பெரும்பாலோர் மாதம் 15,000 ரூபாய்க்குக் குறைவாக ஊதியம் பெறும் நிறுவனங்களுக்கு, வருங்கால வைப்புநிதியின் இரு பங்கையும் சில மாதம் அரசே செலுத்தியது.

ஆயினும் ஆணை பிறப்பது வேறு. அது கடைத்தெருவுக்கு வந்து சேர்வது வேறு. தவணை ஒத்திவைப்பைத் தள்ளுபடி என்று எண்ணியோர் பலர். ஒத்திவைத்த மாதங்களுக்கும் வட்டி ஏறிக்கொண்டிருந்தது என்பது பின்னரே அவர்க்குத் தெரிந்தது. 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு, அந்த ஆறு மாதத்து வட்டிக்கு வட்டியை அரசு திருப்பி அளித்தது. அசல் வட்டி கடனாளியின் தலைமேல்தான் நின்றது. பழைய கடன் உடையவர்க்கே கூடுதல் கடன். வங்கி வாயிலை மிதியாமல் நாள் வட்டிக்கு வாங்கித் தொழில் செய்தவர்க்கு அது எட்டாத கனி. உள்ளூர் வணிகர் சங்கத்தின் முதற்கடமை இங்கே தொடங்குகின்றது. ஆணையைப் படித்து, எளிய தமிழில் எழுதி, உனக்கு இது உண்டு, இது இல்லை, இதனை ஏற்றால் பின்னர் இவ்வளவு கட்ட வேண்டும் என்று ஒவ்வொரு சிறு வணிகர்க்கும் சொல்லும் ஒருவர் வேண்டும். வங்கி மேலாளரிடம் தனியாகச் செல்லத் தயங்குபவருடன் துணைசெல்ல ஒருவர் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டாம், பொறுமை வேண்டும். இதனைச் சாத்திர தானத்தின் ஒரு கிளை எனலாம்.

இரண்டாவது கடமை, பெரியவர் சிறியவர்க்குத் தரவேண்டியதை உரிய காலத்தில் தருவித்தல். குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006இல் வந்தது. குறு, சிறு நிறுவனங்களிடம் பொருள் வாங்கியோர் அதிக அளவாக 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். தவறினால் கூட்டுவட்டி தரவேண்டும் என்பது அதன் விதி. ஆனால் வாடிக்கையை இழப்போமோ என்னும் அச்சத்தால் சிறியவர் வாய் திறப்பதில்லை. கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே சங்கத்தில் உறுப்பினராக இருக்கின்றனர். சங்கத் தலைவர் ஒரு மாலை நேரம் இருவரையும் அமரவைத்துப் பேசினால், நீதிமன்றம் இன்றி ஒரு குடும்பம் பிழைக்கும்.

மூன்றாவது கடமை விலையில் நேர்மை. 2020 மார்ச்சில் முகக்கவசமும் கைத்தூய்மிப்பானும் கிடைக்காமல் விலை ஏறியபோது, அரசு அவற்றை இன்றியமையாப் பொருள்களாக அறிவித்து, மூன்றடுக்கு முகக்கவசத்துக்கு 10 ரூபாய், 200 மில்லி கைத்தூய்மிப்பானுக்கு 100 ரூபாய் என உச்சவரம்பு விதித்தது. சிராவகர்க்கு இவ்விதி புதிதன்று. கள்ளாமை என்னும் அணுவிரதத்தின் அதிசாரங்களாக, களவுப்பொருள் கொள்ளல், அரசாணைக்கு மாறாக நடத்தல், குறைந்த அளவால் விற்று மிகுந்த அளவால் வாங்கல், கலப்படம் செய்தல் ஆகியவற்றை ஆசிரியர்கள் முன்பே விலக்கியுள்ளனர். பிறர் துன்பத்தை வாய்ப்பாகக் கருதிச் சரக்கைப் பதுக்குவது, பூட்டை உடைக்காமல் செய்யும் களவேயாகும்.

நான்காவது கடமை, தொழிலை மாற்றிக்கொள்ள வழிகாட்டல். அந்த ஆண்டில் கோவை, திருப்பூர் வட்டாரங்களில் ஆடை தைத்த பலர் முகக்கவசமும் மருத்துவர்க்கான பாதுகாப்பு உடையும் தைத்தனர். கோவையிலுள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தின் ஆய்வுக்கூடம் உடைகளைச் சோதித்துச் சான்றளித்தது. தையல் தெரிந்தவர், துணி உடையவர், சோதிப்பவர், வாங்குபவர் ஆகிய நால்வரும் ஒருவரையொருவர் அறிந்தால்தான் இது கூடும். அவர்களை அறிமுகப்படுத்துவதே சங்கத்தின் வேலை.

தமிழ்ச் சமணர் பெரும்பாலும் உழவுக் குடியினர். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் நெல்லும் மணிலாவும் விளைவிப்போர். அவர்தம் பிள்ளைகளுள் சிலர் கடை வைத்துள்ளனர், சிலர் நகரங்களில் பணியாற்றுகின்றனர். பெருஞ்செல்வரின் சங்கம் செய்ததை இச்சிறு சமுதாயம் எவ்வாறு செய்யும் என்று மலைக்க வேண்டியதில்லை. அகமதாபாத்தின் நான்கணா ஒரு நூறு ரூபாயில் நானூற்றில் ஒரு பங்கு. நல்ல நாளில் அவ்வளவு சிறிய பங்கை ஒவ்வொரு குடும்பமும் தனியே எடுத்து வைத்தால், தீய நாளில் ஒருவர் கடை மூடாமல் காக்கலாம். தனித்து வாழும் முதியோர் யார், நாள்கூலியில் வாழும் குடும்பங்கள் எவை என்னும் பட்டியல் ஒவ்வொரு ஊரின் ஜினாலயத்திலும் இருக்கலாம். அவற்றை நோய் வந்தபின் தேடுவது கடினம். இப்போது எழுதி வைப்பது எளிது.

உணவு, மருந்து, சாத்திரம், அபயம் எனத் தானம் நால்வகை. நோய்க்காலத்தில் முதல் மூன்றையும் பலர் நினைக்கின்றனர். நான்காவதைச் சிலரே நினைக்கின்றனர். இந்த மாதக் கூலி நிற்காது என்று தொழிலாளிக்குச் சொல்வது அபய தானம். வாடகையைப் பிறகு தரலாம் என்று கடைக்காரர்க்குச் சொல்வது அபய தானம். அச்சொல் அச்சத்தால் அன்றி அருளால் பிறந்திருந்தால், நோய் நீங்கிய மறுநாளும் அது மாறாது.

அகமதாபாத்தில் 1920ஆம் ஆண்டு தொழிலாளர் தமக்கெனச் சங்கம் அமைத்தபோது, அதற்கு மஜூர் மகாஜனம் என்று பெயர் வழங்கிற்று. அதுவரை வணிகர் அவைக்கு உரியதாக இருந்த சொல்லைத் தொழிலாளரும் ஏற்றனர். அச்சொல்லின் பொருள் பெருமக்கள் என்பது. கூடிநின்று எளியோரைத் தாங்குவோர் எவரோ அவரே பெருமக்கள். மாங்குளம் குகையில் பெயர் பொறித்த வெள்ளறை நிகமத்தாரின் வழியில், வருங்காலத் தலைமுறை பெருமையோடு எடுத்துச் சொல்லத்தக்க செயல்களை இன்றைய சங்கங்களும் செய்வனவாகுக.

அறம் வளர்க! அருகன் அறநெறி வாழ்க!