கம்பி கட்டிய வேம்பு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பில்டிங் கட்டுறவன் செடி கொடியைப் பத்தி என்ன பேசப் போறான்?" என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. நான் இங்கே பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, பிறகு பி.இ. சிவில் போனவன். ஆனால் விடுதியில் என் அறைத்தோழன் தாவரவியல். பிராக்டிகலுக்கு முந்தின ராத்திரி, என் ஷேவிங் பிளேடை எடுத்துத் தண்டு சீவ ஆரம்பித்துவிடுவான்.

ஒருநாள் லேப்பில் எனக்கும் மைக்ராஸ்கோப்பில் காட்டினான். சாஃப்ரனின் சாயத்தில் சைலம் சிவந்திருந்தது. சூரியகாந்தித் தண்டில் வாஸ்குலார் கற்றைகள் வளையமாக நின்றன. மக்காச்சோளத் தண்டில் சிதறிக் கிடந்தன.

"மாப்ளே, உள்பக்கம் சைலம், தண்ணி மேலே போற குழாய். வெளிப்பக்கம் ஃபுளோயம், இலை சமைச்ச சாப்பாடு வேருக்கு இறங்குற குழாய். நடுவுல கேம்பியம். மரம் பருக்கிறதே அதாலதான்" என்றான்.

தென்னைக்கும் பனைக்கும் அந்தக் கேம்பியம் கிடையாது. தென்னையில் ஏறுவதற்குப் படி வெட்டினால் காயம் ஆறாது. ஆனால் கற்றைகள் உள்ளே பரவிக் கிடப்பதால் மரம் சாகாது. வேம்பு அப்படியல்ல. அதன் சாப்பாட்டுக் குழாய் பட்டையில்தான் இருக்கிறது. பட்டையை வளையமாக எடுத்தால் அதற்கு மேலே மரம் புடைக்கும் என்பதை இத்தாலிய மருத்துவர் மால்பிகி 17ஆம் நூற்றாண்டிலேயே செய்து பார்த்துவிட்டார்.

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன்? ஒரு சைட்டில் கொட்டகை போட, பக்கத்து வேம்பில் கட்டுக்கம்பியை இரண்டு சுற்று இறுக்கிக் கட்டச் சொன்னேன். வேலை முடிந்தது. கொட்டகையைப் பிரித்தோம், கம்பியை மறந்தோம்.

சில வருஷம் கழித்து அந்தப் பக்கம் போனேன். மரம் பட்டுப்போய் நின்றது. பருத்த மரத்தில் கம்பி புதைந்து, அதற்கு மேலே பட்டை உதடுபோல் வீங்கியிருந்தது. சைலம் தண்ணீர் ஏற்றியதால் இலை கொஞ்ச காலம் பச்சையாகவே இருந்திருக்கும். வேர்தான் கீழே பட்டினி கிடந்து செத்திருக்கிறது.

அந்த நிழலில் டீக்கடை வைத்திருந்த அம்மா சொன்னார்: "நல்ல மரம் தம்பி. ஏன் பட்டுச்சுன்னே தெரியல."

எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். அதை இன்று உங்கள் முன்னால் சொல்லிவிட்டேன்.

தம்பி தங்கைகளே, மார்க்குக்காகப் படம் வரையுங்கள், தப்பில்லை. ஆனால் ஒரு மரத்தைப் பார்க்கும்போது அந்தப் படம் ஞாபகத்துக்கு வர வேண்டும்.

இந்த விழாவுக்காக நம் வளாகத்து மரங்களில் சீரியல் பல்பு கட்டியிருக்கிறோம். நாளைக் காலை ஆறு மணிக்கு நான் கட்டிங் பிளேயரோடு வருகிறேன். கூட வர விருப்பமுள்ளவர்கள் வாருங்கள்.