தாய் முயலும் அதன் குட்டிகளும்
(மாதர் சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



எங்கள் இல்லத்துச் சிறுவர்களின் விருப்பத்திற்கிணங்கி, சந்தையில் ஒரு பெண் முயலை வாங்கி வந்தோம். அது சினையுற்றிருந்ததை விற்றவரும் கூறவில்லை; நாங்களும் கேட்கவில்லை. மூன்று வாரங்களுக்குப் பின் அது வைக்கோலை வாயிற் கவ்வித் திரிந்தது. தன் மார்பு மயிரைத் தானே பிடுங்கியது. நோயென்று அஞ்சினோம். மறுநாள் விடியற்காலையில் அம்மயிரினிடையே ஆறு குட்டிகள் நெளிந்துகொண்டிருந்தன. முயலின் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாட்களே என்பதை அப்பொழுது நாங்கள் அறியோம்.

நமது காட்டு முயலின் குட்டி மயிருடன், கண் திறந்தே பிறக்கும். நாம் வீட்டில் வளர்ப்பதோ, மண்ணில் வளை தோண்டி வாழும் ஐரோப்பிய முயலின் வழிவந்தது. அதன் குட்டிகள் மயிரின்றி, கண் மூடியே பிறக்கின்றன. இவ்வேறுபாடு தெரியாமையால், குறைமாதக் குட்டிகள் என்று கலங்கினோம். தாயும் பகல் முழுவதும் அவற்றின் அருகே செல்லவில்லை. அது குட்டிகளைக் கைவிட்டது என்று முடிவு செய்து, பசும்பாலைத் திரியில் தோய்த்து ஊட்டினோம். மறுநாள் இரண்டு குட்டிகள் இறந்து கிடந்தன.

கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். அவர் கேட்ட முதற் கேள்வி, "குட்டிகளின் வயிற்றைப் பார்த்தீர்களா?" என்பதே.

தாய் முயல் நாளொன்றுக்கு ஓரிரு முறையே, அதுவும் சில நிமிடங்களே, பெரும்பாலும் இரவிலோ விடியலிலோ பாலூட்டும். மற்ற வேளையில் விலகியிருப்பது, பகை விலங்குகளுக்குக் குட்டிகள் இருக்குமிடத்தைக் காட்டாதிருக்கவே. முயற்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைக் காட்டிலும் ஏறத்தாழ மும்மடங்கு உண்டு. ஆதலின் அச்சிறு பொழுதே போதும். வயிறு உருண்டு, உடல் வெதுவெதுப்பாயிருந்தால் குட்டி பால் குடித்துள்ளது எனலாம். தோல் சுருங்கி, உடல் குளிர்ந்திருந்தாலே கவலைப்படவேண்டும். குளிர்ந்த குட்டிக்கு முதலில் வெப்பம் தரவேண்டும், பிறகே பால். நாங்கள் ஊட்டிய பால் மூச்சுக்குழலிற் சென்றிருக்கலாம் என்று மருத்துவர் கூறியபோது, எங்களால் பதில் பேச இயலவில்லை.

அன்று முதல் அவர் சொன்னபடி நடந்தோம். ஒன்றரை அடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள மரப்பெட்டியில் உலர்ந்த வைக்கோலிட்டு, தாய் பிடுங்கிய மயிருடன் குட்டிகளை வைத்தோம். நாள்தோறும் ஒருமுறை, கையை வைக்கோலில் தேய்த்துக்கொண்டு குட்டிகளைப் பார்த்தோம். எறும்பு ஏறாவண்ணம் கூண்டின் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்தினோம். பூனையும் எலியும் நுழையாதபடி வலை அடித்தோம். தாய்க்கு வேலிமசால், அருகம்புல், சிறிது அடர்தீவனம், எந்நேரமும் தூய நீர் ஆகியவற்றை அளித்தோம். முயல் வெயில் தாங்காதாகையால் கூண்டை நிழலில் வைத்தோம்.

சுமார் பத்தாம் நாள் கண்கள் திறந்தன. மூன்றாம் வாரத்தில் நான்கு குட்டிகளும் பெட்டியை விட்டுத் தாவி வந்தன.

சகோதரிகளே, பெண் முயல் வாங்குவோர் அது ஆண் முயலுடன் இருந்ததா என்று கேட்டறிந்து வாங்குங்கள். ஈன்ற அன்றே மீண்டும் சினையாகக் கூடுமாதலால், ஆண் முயலை உடனே பிரித்துவிடுங்கள். ஆறு வாரம் நிறையுமுன் குட்டிகளைப் பிறர்க்குக் கொடாதீர்கள். மூன்று மாதத்திற்குள் ஆண், பெண் குட்டிகளைத் தனித்தனியே வையுங்கள். ஐயம் எழுந்தால், பாற்கிண்ணத்தை எடுக்குமுன் கால்நடை மருந்தகத்தை நாடுங்கள். நாங்கள் இழந்த இரண்டு குட்டிகள் எங்களுக்குக் கற்பித்த பாடம் இதுவே.