மாத்திரையா, ஊசியா? இருவரும் பேசி முடிவு செய்யுங்கள்



குடும்ப நலம் என்றால் பிள்ளைப்பேறு மட்டுமல்ல. கணவனுக்கோ மனைவிக்கோ மனச்சிதைவு நோய் வந்தால் அதுவும் குடும்ப நலக் காரியந்தான். யாருமில்லாதபோது காதில் பேச்சுக் கேட்பது, எல்லார் மேலும் சந்தேகம், தூக்கமின்மை ஆகியவை அதன் அடையாளங்கள். இது பேயுமல்ல, செய்வினையுமல்ல. 1952-ஆம் ஆண்டு முதல் இதற்கு மருந்து உண்டு. பெரும்பாலோர் வீட்டில் இருந்தபடியே ஆஸ்பத்திரிக்கு வந்து போய்ச் சிகிச்சை பெறலாம்.

சங்கடம் எங்கே வருகிறது? நோய் தணிந்ததும், "நல்லாயிட்டுதே, இனி மாத்திரை எதுக்கு?" என்று நிறுத்திவிடுகிறார்கள். மறுநாளே ஒன்றும் ஆவதில்லை. அதனால் நிறுத்தியது சரி என்று தோன்றும். சில வாரமோ மாதமோ கழித்து நோய் திரும்பிவிடும்.

சில வீடுகளில் மாத்திரையைப் பொடித்துக் குழம்பில் கலக்கிறார்கள். வேண்டாம். தெரிந்துவிட்டால், "சோத்துல விஷம் வைக்கிறாங்க" என்ற சந்தேகம் உறுதிப்படும். மருந்தும் போகும், நம்பிக்கையும் போகும்.

இதற்கு ஒரு வழி, நாள்பட வேலை செய்யும் ஊசி. ஃபுளுபெனசின் டெக்கனோயேட் என்ற மருந்தை நல்லெண்ணெயில் கலந்து தயாரிக்கிறார்கள். தசையில் போட்டால் எண்ணெயிலிருந்து மருந்து கொஞ்சங் கொஞ்சமாக இரத்தத்தில் சேரும். பொதுவாக 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு தடவை போடுவார்கள்.

"ஊசின்னா வீரியம் அதிகமா?" என்று கேட்பீர்கள். அப்படியில்லை. தினமும் ஞாபகம் வைக்க வேண்டியதில்லை, அதுதான் லாபம். தவணைக்கு வராவிட்டால் நர்ஸுக்கும் தெரிந்துவிடும்.

குறையும் உண்டு. மாத்திரையானாலும் ஊசியானாலும் கை நடுக்கம், உடல் இறுக்கம், ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு வரலாம். மாத்திரையென்றால் டாக்டர் உடனே அளவைக் குறைக்கலாம். போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. வாரக்கணக்கில் உடம்பில் இருக்கும். ஆகவே முதலில் மாத்திரை கொடுத்து, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்த பிறகே ஊசி போடுவது வழக்கம். தவறாமல் விழுங்குகிறவருக்கு மாத்திரையே போதும்.

பெண்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த மருந்துகளால் மாதவிலக்குத் தள்ளிப் போகலாம். "முழுகாம இருக்கேனோ" என்று நீங்களே முடிவு கட்டாமல் சோதித்துப் பாருங்கள். விலக்கு வராவிட்டாலும் கரு தங்கக்கூடும். கருவுற்றால் மருந்தைத் தாமாக நிறுத்தக்கூடாது. உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. "அடங்கலேன்னா ஊசி போட்டுடுவேன்" என்று மிரட்டாதீங்க. ஊசி தண்டனையல்ல. மருந்து யார் உடம்பில் போகிறதோ அவரைக் கேட்டு, இருவருமாக டாக்டரிடம் வாருங்கள். அடுத்த தவணைத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். சந்தேகமிருந்தால் 14416 எண்ணுக்கு இலவசமாகப் போன் செய்து தமிழிலேயே கேட்கலாம்.