தென்னையின் தூரில் ஒரு காளான்

உங்கள் தோப்பில் ஏதாவது ஒரு தென்னையின் அடித்தண்டில் செம்பழுப்பாகச் சாறு வடிகிறதா? தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். 1952-இல் தஞ்சைப் பகுதியில் கண்டறியப்பட்டதால் வந்த பெயர். காரணம், கனோடெர்மா என்ற பூஞ்சை. மண்ணிலிருந்து வேரை அழுகவைத்து, தண்டுக்குள் ஏறும். மரம் நலிந்த பிறகுதான் தூரில் காளான் முளைக்கும். மேல்பக்கம் அரக்குப் பூசியதுபோல் பளபளக்கும்; அடிப்பக்கம் முழுக்க நுண்துளைகள். அவற்றிலிருந்து கோடிக்கணக்கில் வித்துகள் காற்றில் கிளம்பும். கொடுமை என்னவென்றால், மரம் பட்டாலும் பூஞ்சை சாவதில்லை. தோண்டாமல் விட்ட தூரிலேயே ஆண்டுக்கணக்கில் பிழைத்துக் கிடந்து, பக்கத்து மரத்தின் வேரைப் பிடிக்கும். ஆகவே பட்ட மரத்தை வெட்டியதோடு நிறுத்தாதீர்கள். தூரையும் வேரையும் தோண்டியெடுத்து எரித்துவிடுங்கள். மற்ற மரம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு வையுங்கள்.