குரங்கின் குடற்புழுவும் நம் களத்து மண்ணும்

(பென்னலூர் உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பயிரைப் பற்றிப் பேச வேண்டியவன் குரங்கின் வயிற்றுப் புழுவைப் பற்றிப் பேசுகிறானே என்று நீங்கள் எண்ணலாம். அந்தப் புழு ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குப் போகும் வழி மண். மண்ணைப் பேணுவது நம் தொழில்.

ஆனைமலையில் வாழும் சோலைமந்திகளின் எச்சத்தை ஐதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மைய அறிவியலார் ஆராய்ந்து, 2013-இல் முடிவை வெளியிட்டனர். ஊரை ஒட்டிய துண்டுக் காடுகளில் இருந்த மந்திகளிடமே ஒட்டுண்ணிகள் மிகுதி. மனிதர் நெருங்க நெருங்கக் குரங்குக்கும் நோய் கூடுகிறது என்பதே இதன் பொருள்.

நம் பக்கத்து நாட்டுக் குரங்குகளும் மனிதர் வீசும் தீனியை நம்பிச் சாலையோரத்திலும் களத்திலும் கூடுகின்றன. கூடும் இடத்திலேயே எச்சமிடுகின்றன. எச்சத்தில் வரும் சாட்டைப்புழு முட்டை, ஈர நிழல் மண்ணில் 2 முதல் 4 வாரங்களில் தொற்றும் நிலையை அடைகிறது. பிறகு கழுவாத கீரையோடும் மண் படிந்த விரலோடும் வயிற்றுக்குள் போகிறது. புழு மிகுந்தால் குழந்தைக்குச் சீதபேதி, இரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு உண்டாகும். ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்னும் நூல் போன்ற புழுவின் குஞ்சோ, வெறுங்காலின் தோலைத் துளைத்தே உள்ளே நுழைந்துவிடும்.

ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. குரங்குக்குத் தீனி போடாதீர்கள். எச்சில் இலையையும் அழுகிய பழத்தையும் மூடிய குழியில் இடுங்கள்.

2. களத்தில் கூட்டிய குப்பையைப் பச்சையாகக் கீரைப் பாத்தியில் கொட்டாதீர்கள். குவியலாக்கி, கிளறிவிட்டு, நன்கு மக்கிய பின் இடுங்கள். குவியல் முழுவதும் 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சில நாட்கள் சூடேறினால் முட்டைகள் பெரும்பாலும் அழியும்.

3. தண்ணீர்த் தொட்டியை மூடி வையுங்கள். தோட்டத்தில் செருப்பணியுங்கள்.

4. வெட்டவெளியில் மலம் கழிக்காதீர்கள். நம் புழு குரங்குக்குப் போகும் வழி அதுதான்.

5. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் குடற்புழு நீக்க நாளில் தரும் அல்பெண்டசோல் மாத்திரையைக் குழந்தைகள் தவறாமல் உட்கொள்ளச் செய்யுங்கள்.

குரங்கை அடித்து விரட்டினால் அது அடுத்தவர் களத்துக்குப் போகும்; மண்ணில் கிடக்கும் முட்டை அங்கேயே இருக்கும். தீனியை நிறுத்தி, மண்ணைத் தூய்மையாக வைத்தால் இரு தரப்புக்கும் நலம். இன்று மாலையே உங்கள் களத்து மூலையிலிருந்து தொடங்குங்கள்.